ஒரே ஏட்டில் இரண்டு கைகள்

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு விபத்து நடந்தது. யாருக்கும் காயமில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தவில்லை. ஆனாலும் நாற்பது வருஷமாகக் கண்ணாடிப் பாத்திரம்போல் காப்பாற்றி வந்த அண்ணன் தம்பி உறவில் அன்று ஒரு கீறல் விழுந்துவிட்டது. அந்தக் கீறலைப் போட்ட ஆயுதம், அரை அங்குல அகலமுள்ள ஒரு வெள்ளைப் பட்டை. அது நாலு விநாடிக்கு மேல் நிற்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கும்பகோணத்தில் எங்கள் தகப்பனார் விட்டுப்போன வீட்டுக்குப் பாகப் பத்திரம் எழுதவேண்டியிருந்தது. அண்ணா மும்பையில் இருக்கிறார், அக்கா திருச்சியில், நான் சென்னையில். மூன்று பேரும் ரயிலேறி வந்து ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் காலமெல்லாம் மலையேறிவிட்டதல்லவா? ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் கூடினோம். அண்ணா கம்ப்யூட்டருக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்திருந்தார். அக்கா தன் கைப்பேசியை ஊறுகாய் ஜாடியின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். நான் டாப்லெட் என்கிற பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அனுப்பிய நகல் என் பலகையில்தான் இருந்தது.

"அப்பா, இந்த இடத்தைத் தட்டினால் உங்கள் திரையில் இருப்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும்" என்று என் பெண் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தட்டினேன். உடனே பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ரயில் டிக்கெட்டின் பின்புறத்து விதிகளை எந்த மனிதன் படித்திருக்கிறான்? நானும் படிக்காமல் 'சரி' என்பதை அழுத்தினேன். பத்திரத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். முதல் கட்டு, நடுக்கட்டு எல்லாம் தாண்டி, கிணறும் இரண்டு தென்னை மரங்களும் உள்ள பின்கட்டுக்கு வந்தேன். அப்பொழுது, கறிகாய் வாங்கப் போயிருந்த என் மனைவியிடமிருந்து ஒரு செய்தி திரையின் தலையில் வந்து குந்திக்கொண்டது:

"அண்ணா எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் பின்கட்டை விட்டுக்கொடுத்து விடாதீர்கள். போன தடவைபோல் ஏமாந்து நிற்கவேண்டாம்."

நாலு விநாடி. பிறகு அது மறைந்துவிட்டது. மறைந்து என்ன பயன்?

"நடுவிலே என்னமோ வந்ததே, என்னடா அது? எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு நன்றாகத் தெரிந்தது. சரி, அடுத்த பாராவைப் படி" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவன் வீட்டுத் திரையை இன்னொருவன் வீட்டில் கொண்டுபோய்க் காட்டும் இந்த வித்தையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்திருப்பான் என்று யோசித்தேன். அவனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை திட்டவேண்டும் என்பதுதான் என் நோக்கம். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன் நான்; யந்திர சாஸ்திரம் எனக்குக் காத தூரம். இருந்தாலும் கோபம் ஒரு நல்ல உபாத்தியாயர். பல நாள் படித்தேன். முடிவில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தேன். ஆனால் திட்டத்தான் வாய் வரவில்லை.

* * *

எழுதுவதைத் தூரத்துக்கு அனுப்பவேண்டும் என்ற ஆசை புதிதல்ல. அமெரிக்காவில் எலிஷா கிரே என்று ஒருவர் இருந்தார். 1876-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, கிரஹாம் பெல்லின் டெலிபோன் விண்ணப்பம் பதிவு அலுவலகத்துக்குப் போன அதே தினத்தில், தம்முடைய டெலிபோன் யோசனையையும் அங்கே அனுப்பிவிட்டு, புகழைப் பெல்லிடம் பறிகொடுத்தவர் அவர். வேறொருவராயிருந்தால் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். இவரோ, பேச்சு போனால் போகட்டும் என்று எழுத்தைப் பிடித்துக்கொண்டார். 1888-இல் 'டெல்ஆட்டோகிராப்' என்ற கருவிக்கு உரிமை வாங்கினார். இங்கே ஒருவர் பேனாவால் எழுதினால், கம்பிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் பேனாவும் அதேபோல் அசைந்து எழுதும். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

முகத்தை அனுப்பும் ஆசையும் வந்தது. 1964-இல் நியூயார்க் கண்காட்சியில் அமெரிக்க டெலிபோன் கம்பெனியார் 'பிக்சர்போன்' என்ற படம் காட்டும் டெலிபோனை வைத்தார்கள். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அதை வியாபாரத்துக்கே கொண்டுவந்தார்கள். மாத வாடகை 160 டாலர். அந்தக் காலத்தில் அது சிறு தொகையா? எதிரே இருப்பவருடைய முகத்தைப் பார்ப்பதற்காக அத்தனை பணம் கொடுக்க ஜனங்கள் தயாராயில்லை. சில வருஷங்களில் கடையைக் கட்டவேண்டியதாயிற்று.

ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் முகம். இரண்டையும் சேர்த்து, இரண்டு ஊரில் இருக்கும் இரண்டு பேர் ஒரே ஏட்டில் கை வைத்து வேலை செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்தான் நான் தேடிய மனிதர். அவர் பெயர் டக்ளஸ் எங்கெல்பர்ட்.

* * *

அவர் 1925-இல் ஆரகன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில் பிறந்தவர். இரண்டாவது மகாயுத்தத்தின்போது கடற்படையில் ராடார் பயிற்சி பெற்றுப் பிலிப்பைன் தீவுகளுக்குப் போனார். போய்ச் சேர்வதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. லெய்ட்டே என்ற தீவில், மூங்கில் கால்களின்மேல் நிற்கும் ஒரு குடிசையில் செஞ்சிலுவைச் சங்கத்தார் வாசகசாலை வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, வானிவர் புஷ் என்ற விஞ்ஞானி எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். மனிதன் தன் படிப்பையெல்லாம் ஒரு மேஜைக்குள் அடக்கி, வேண்டும்போது திரையில் வரவழைத்துப் பார்க்கலாம் என்று அந்தக் கட்டுரை கனவு கண்டது. பத்திரிகையில் கட்டுரை எழுதுவதால் உலகத்தில் ஏதாவது நடக்கிறதா என்று எங்கள் ஜாதியாருக்கு அடிக்கடி சந்தேகம் வருவதுண்டு. அப்படிச் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தக் குடிசையை நினைத்துக்கொள்வது நல்லது.

ஐந்து வருஷம் கழித்து, கல்யாணம் நிச்சயமான சமயத்தில், எங்கெல்பர்ட்டுக்கு ஒரு விசித்திரமான கவலை வந்தது. நல்ல உத்தியோகம் இருக்கிறது, பெண்ணும் கிடைத்துவிட்டாள், இனி வாழ்க்கையில் என்ன லட்சியம் என்ற கவலை. நம்மில் பலருக்கு இந்த இரண்டும் கிடைத்தபிறகு கவலைப்பட நேரமே இருப்பதில்லை. அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். உலகத்துப் பிரச்னைகள் நாளுக்கு நாள் சிக்கலாகிக்கொண்டு போகின்றன. தனி மனிதனுடைய மூளைக்கு அவை எட்டவில்லை. பல பேர் சேர்ந்து யோசிப்பதற்கு ஒரு கருவி வேண்டும். ராடார் திரையில் புள்ளிகளைப் பார்த்துப் பழகியவரல்லவா? கம்ப்யூட்டரையும் அப்படி ஒரு திரையோடு பிணைத்து, அதன் முன்னால் மனிதர்களை உட்கார வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த நாளில் கம்ப்யூட்டர் என்பது துளையிட்ட அட்டைகளைத் தின்று கணக்குப் போடும் ராட்சசன். அதன் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேர் கூடி யோசிப்பதாவது! பலர் சிரித்தார்கள்.

அவர் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. 1957-இல் கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1962-இல் தம் எண்ணங்களை ஒரு பெரிய அறிக்கையாக எழுதினார். அதன்பேரில் ராணுவ ஆராய்ச்சித் துறையாரும், நாசா விண்வெளி நிறுவனத்தாரும் பணம் கொடுத்தார்கள். பில் இங்கிலிஷ் என்ற கெட்டிக்கார எஞ்சினீயர் துணைக்கு வந்தார். எங்கெல்பர்ட் சொன்ன யோசனைப்படி, ஒரு மரக் கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரங்களை வைத்து, மேலே ஒரு பொத்தானைப் பொருத்தி 1964-இல் அவர் செய்து கொடுத்த சாமான்தான், இன்று நாம் 'மௌஸ்' என்று தேய்த்துக்கொண்டிருக்கும் எலி.

* * *

1968-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி. சான்பிரான்சிஸ்கோ நகரத்து மண்டபத்தில் கம்ப்யூட்டர் நிபுணர்களின் மாநாடு. சபையில் சுமார் ஆயிரம் பேர். மேடையில் ஓர் ஓரத்தில் எங்கெல்பர்ட் உட்கார்ந்திருக்கிறார். வலக்கையில் எலி, இடக்கையில் ஐந்து கட்டைகள் உள்ள ஒரு சின்ன வாத்தியம்போன்ற கருவி, காதில் மாட்டிய ஒலிவாங்கி. அவருக்குப் பின்னால் சுமார் 22 அடித் திரை.

இந்த நாடகத்தின் திரைமறைவைத்தான் நான் மிகவும் ரசித்தேன். கம்ப்யூட்டர் மேடையில் இல்லை. அது முப்பது மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்தது. அதன் நினைவுச் சக்தி மொத்தம் 192 கிலோபைட். இன்று என் பெண் தோசையைப் படம் பிடித்து அனுப்புகிறாளே, அந்த ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐந்து அங்குலக் கண்ணாடிக் குழாய்கள் சில இருந்தன. ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே ஒரு டெலிவிஷன் காமிராவை நிறுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் குழாயில் எழுதும். காமிரா அதைப் படம் பிடிக்கும். அந்தப் படம் நுண்ணலை வழியாக ஆகாய மார்க்கத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பறக்கும். மேடையிலிருந்து எலியின் அசைவுகள் டெலிபோன் கம்பி வழியாகத் திரும்பிப் போகும். பெரிய திரையில் படம் விழுவதற்காக நாசாவிடமிருந்து 'ஐடோபோர்' என்ற சுவிட்சர்லாந்துக் கருவியை இரவல் வாங்கியிருந்தார்கள். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் எலெக்ட்ரான் கதிரால் சுருக்கங்கள் விழவைத்து, அதன் வழியே விளக்கொளியைப் பாய்ச்சிப் படம் காட்டும் கருவி அது. இத்தனை இரவல் சாமான்களையும் இணைத்து இயக்கியவர் பில் இங்கிலிஷ். மென்லோ பார்க்கில் காமிராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஸ்டூவர்ட் பிராண்ட். பத்திரிகைத் தொழிலில் அப்புறம் பெரும் பெயர் எடுத்தவர். ஏதேனும் ஒரு கம்பி அறுந்தால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

எங்கெல்பர்ட் எதைக் காட்டினார் தெரியுமா? ராக்கெட் கணக்கா? இல்லை. கடையில் வாங்கவேண்டிய சாமான்களின் ஜாபிதா! வாழைப்பழம் முதலானவற்றைத் திரையில் வரிசையாக எழுதினார்; இனம் பிரித்தார்; மேலே கீழே நகர்த்தினார்; வீட்டுக்குப் போகிற வழியில் எந்தக் கடையில் எதை வாங்குவது என்று படம் போட்டுக் காட்டினார். எழுத்து என்பது கல்லில் வெட்டியது அல்ல, களிமண்போல் பிசையலாம் என்பது சபைக்குப் புரிந்தது.

பிறகுதான் உச்சக்கட்டம். மென்லோ பார்க்கில் இருந்த பில் பாக்ஸ்டன் என்ற இளைஞருடைய முகம் திரையின் ஒரு பக்கத்தில் தோன்றியது. குரலும் கேட்டது. இருவருக்கும் எதிரே ஒரே ஏடு. அந்த ஏட்டில் இரண்டு புள்ளிகள் ஊர்ந்தன. அவர்கள் அதைப் 'பூச்சி' என்று சொல்வது வழக்கம். ஒரு பூச்சி எங்கெல்பர்ட்டின் கை; மற்றொன்று முப்பது மைலுக்கு அப்பாலுள்ள பாக்ஸ்டனின் கை. ஒருவர் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினால் மற்றவர் கண் அங்கே போயிற்று. வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்துகொள்வது என்று நாம் இன்று சொல்கிறோமே, அது பொதுச் சபையில் அரங்கேறியது அந்த நாளில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பூச்சிகளும் சமமல்ல. ஏட்டைத் திருத்தும் அதிகாரத்தை எங்கெல்பர்ட் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார். பாக்ஸ்டன் சுட்டிக் காட்டலாம், அவ்வளவுதான். தம்முடைய பூச்சிக்கு வலு அதிகம் என்பதை அவர் சபையிலேயே தமாஷாகச் சொல்லிக்கொண்டார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பின்கட்டுப் பாராவைப் படித்துக்கொண்டிருந்த என் குரலும், மும்பையில் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவின் முகமும் எனக்கு நினைவு வந்தன. ஏடு யார் கையில் இருக்கிறதோ அவனுடைய பூச்சிக்குத்தான் வலு.

தொண்ணூறு நிமிஷம் கழிந்ததும் சபையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆலன் கே என்ற மாணவர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் உலகத்தில் மேதை என்று பெயரெடுத்தவர் அவர்.

* * *

கைதட்டலுக்குப் பிறகு என்ன நடந்தது? நம் ஊர்க் கலைஞர்கள் பலருக்கு நடந்ததுதான். பணம் கொடுத்தவர்கள் மெல்ல மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்கள். சீடர்கள் சிலர், பில் இங்கிலிஷ் உள்பட, ஜெராக்ஸ் கம்பெனியாரின் புதிய ஆராய்ச்சிச் சாலைக்குப் போய்விட்டார்கள். 1977-இல் எங்கெல்பர்ட்டின் படைப்பையே வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். எலிக்கான உரிமைப் பத்திரம் 1970-இல் கிடைத்தது. ஆனால் அது ஆராய்ச்சிக் கழகத்தின் சொத்து. வீட்டுக்கு வீடு எலி புகுந்தபோது அதைப் பெற்றவருக்கு அதில் பங்கில்லை. பட்டங்கள் பிற்பாடு வந்தன: 1997-இல் டூரிங் பரிசு, 2000-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியப் பதக்கம். 2013-இல் காலமானார். உலகம் அவருடைய எலியை எடுத்துக்கொண்டது. பலர் கூடி யோசிக்கவேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

வித்தை மட்டும் வளர்ந்தது. ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையார் 1980-களில் ஓர் அறையில் சிலரை உட்கார வைத்து, ஒருவர் பார்ப்பதையே எல்லோரும் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 1987-இல் அவர்கள் எழுதிய கட்டுரைகளில் ஓர் அனுபவம் சொல்லப்படுகிறது. எல்லாமே எல்லோருக்கும் தெரிந்தால் வேலை நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு மறைவான மூலை வேண்டியிருந்தது! இதைச் சொல்ல ஆராய்ச்சிச் சாலை வேண்டுமா? எங்கள் கூட்டுக் குடும்பத்துப் பாட்டியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள்.

1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் 'வி.என்.சி.' என்ற முறையைச் செய்தார்கள். அதன் யுக்தி மிக எளிது. திரையில் இருப்பது கடிதமா, கணக்கா, படமா என்று அது விசாரிப்பதில்லை. எந்தச் சதுரத்தில் புள்ளிகள் மாறினவோ அந்தச் சதுரத்தை மட்டும் அனுப்பும். வாங்குகிறவர் அதை அப்படியே ஒட்டிக்கொள்ளவேண்டியது. பொருள் புரியாமலே கடிதத்தைச் சேர்ப்பிக்கும் தபால்காரர் மாதிரி. ஒரு ஜாதி யந்திரத்தின் திரையை வேறு ஜாதி யந்திரத்தில் பார்க்க முடிவது இதனால்தான். இன்றைய வீடியோ அழைப்புகள் திரையையே ஓடும் படமாகச் சுருக்கி அனுப்புகின்றன. அண்ணாவின் கம்ப்யூட்டரும், அக்காவின் கைப்பேசியும், என் பலகையும் ஒரே பத்திரத்தைப் பார்த்ததன் ரகசியம் இதுதான். பொருள் பார்க்காமல் அனுப்புவதால்தான் என் மனைவியின் செய்தியையும் அது பத்திரத்தின் ஓர் அங்கமாகவே பாவித்து அனுப்பிவைத்தது!

கம்ப்யூட்டராயிருந்தால் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து காட்டலாம். கைப்பேசியிலும் பலகையிலும் பெரும்பாலும் வீடு முழுவதையும் திறந்துவிட வேண்டியிருக்கிறது. 2014-இல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியிலும் 2017-இல் ஐபோனிலும் செயலிகள் திரை முழுவதையும் படம்பிடிக்க வசதி வந்தது. 2023-இல் வாட்ஸ்அப்பிலும் திரைப் பகிர்வு வந்தபோது சந்துபொந்தெல்லாம் நுழைந்துவிட்டது. திருடனும் சும்மா இருப்பானா? பாங்கிக்காரன் என்று பேசி, திரையைக் காட்டச் சொல்லி, ரகசிய எண்ணைப் பார்த்துப் பணத்தைச் சுருட்டுகிறான். பிறர் கைப்பேசியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் செயலிகளைப்பற்றி ரிசர்வ் பாங்கு 2019-லேயே எச்சரித்தது. முகம் தெரியாதவனுக்குத் திரையைக் காட்டுவது, கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமானம்.

2020-இல் கொள்ளைநோய் வந்து உலகத்தைக் கதவடைக்கச் சொன்னபோது, பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஆபீஸ் எல்லாம் இந்தத் திரைக்குள் குடிபுகுந்தன. அந்த வருஷம் ஜூலை மாதத்தில்தான் பில் இங்கிலிஷ் காலமானார். முப்பது மைல் தூரத்துக்கு ஓர் ஏட்டைக் கொண்டுபோக அவர் பட்ட பாட்டைப்பற்றி, அன்று திரையைத் தட்டிய குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடத் தெரிந்திராது.

* * *

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. என்னுடைய குற்றம், திரையைக் காட்டியது அல்ல. காட்டினேனே தவிர, பகிர்ந்துகொள்ளவில்லை. ஏட்டை என் மடியில் வைத்துக்கொண்டு, நான் படிப்பதை நீங்கள் கேளுங்கள் என்று அதிகாரம் செய்தேன். எங்கள் தகப்பனார் அப்படிச் செய்ததில்லை. குத்தகைக் கணக்கு எழுதும்போது அவருடைய வலத் தோள்மேல் அண்ணாவும் இடத் தோள்மேல் நானும் தொங்கிக்கொண்டிருப்போம். கூட்டலில் தப்பு வந்தால் அண்ணாவின் விரல் நோட்டுக்குள் போகும். அப்பா பேனாவையே அவரிடம் கொடுத்துவிடுவார்.

என் பெண்ணைக் கூப்பிட்டேன். பத்திரத்தின் நகலை, அண்ணாவும் தம் இடத்திலிருந்தபடியே எழுதித் திருத்தக்கூடிய விதமாக அனுப்பிவைக்கச் சொன்னேன். "உங்கள் பூச்சியும் அவர் பூச்சியும் சம வலுவா, அப்பா?" என்று கேட்டாள், நான் சொன்ன கதையை அவள் மறக்கவில்லை. "சம வலுதான்" என்றேன்.

இரவு பத்தரை மணிக்கு ஏட்டைத் திறந்து பார்த்தேன். அண்ணாவின் பெயர் எழுதிய ஒரு சின்ன நீலக் கோடு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது. பின்கட்டுப் பாராவுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அது அசையவில்லை, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக ஊர்ந்து, ஒரு வரியை எழுதியது: "பின்கட்டு தம்பிக்கு. கிணற்றில் மூவருக்கும் பாத்தியதை உண்டு."

என் கோட்டையும் அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வரியை அழிக்கலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டு கோடுகளும் வெகுநேரம் அப்படியே நின்றன. கடைசியில் பத்திரத்தின் நட்டநடுவில், நான்கெல்லை விவரத்துக்கு மேலே, எழுதினேன்:

"அண்ணா, சாப்பாடு ஆச்சா?"

நீலக் கோடு சற்றுத் தயங்கியது.

"ஆச்சு. கண் முழிக்காதே. தூங்கு."

மறுநாள் வக்கீலுக்கு அனுப்பும்போது அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்பவேண்டியிருந்தது.